மருத்துவமனையின் எந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? நீலகிரியிலிருந்து ஒரு பதில்

பந்தலூர் பகுதியைச் சேர்ந்த ஓர் அன்பர் கேட்டிருப்பது இது: எல்லைக்கு அப்பால் வயநாட்டில் அரசு மருத்துவமனைகள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் இருக்கின்றன, அங்கே பல சுகாதார மையங்களில் மாலையிலும் மருத்துவர் இருக்கிறார். இங்கேயோ தண்ணீர்க் குழாய் உடைந்தால்கூட எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும். நீலகிரியின் அரசு மருத்துவமனைகளையும் ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ ஒப்படைத்துவிட்டால் நிர்வாகம் சீராகாதா?

இந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலகங்களில் கோப்புகளோடு பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையை மொத்தமாக ஒப்படைப்பதால் சீராகாது. ஒரு மருத்துவமனையை நடத்துவது என்பது பழுதுபார்ப்பது, மருந்து வாங்குவது, மருத்துவரை நியமிப்பது, மருத்துவர் வேலைக்கு வருகிறாரா என்று பார்ப்பது, முடியாத நோயாளியை மேலே அனுப்புவது எனப் பல தனித்தனி முடிவுகளின் தொகுப்பு. அவற்றில் சில மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டியவை. சில மாவட்ட அளவில் எடுக்கப்பட வேண்டியவை. மருந்துக் கொள்முதல் போன்ற சில, சென்னையை விட்டு நகரவே கூடாதவை. தமிழ்நாட்டில் நடந்த கோளாறு, இவற்றில் கீழே இறங்கியிருக்க வேண்டியவை இறங்காமல், பொறுப்பும் பழியும் மட்டும் இறங்கியதுதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஆறாவது இனமாகப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. ஆகவே மருத்துவமனை என்பது அடிப்படையில் மாநில அரசின் பொருள். 1992இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் 23ஆவதாக, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட சுகாதாரத்தைச் சேர்த்தது. ஆனால் அந்த அதிகாரங்களை ஊராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் வழங்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகும் இங்கே ஆரம்ப சுகாதார நிலையமும் வட்ட மருத்துவமனையும் துறையின் கையிலேயே இருப்பது இதனால்தான்.

நகர்ப்புற அமைப்புகளுக்கான 74ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை ஆகியவை இருக்கின்றன. மருத்துவமனை என்ற சொல்லே கிடையாது. சமவெளி மாவட்டங்களில் இதைப் பெரிதாக யாரும் கவனிக்க மாட்டார்கள். நீலகிரியில் கவனிக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 35 மட்டுமே. தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் லைன் வீடுகளும், ஓவேலி, தேவர்சோலை, நடுவட்டம், சோலூர் போன்ற பேரூராட்சிகளிலும் நெல்லியாளம், கூடலூர் போன்ற நகராட்சிகளிலும் பெருமளவு அடங்கிவிடுகின்றன. காட்டு ஓரத்தில், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து போக வேண்டிய குடியிருப்பு ஒன்று சட்டத்தின் கண்ணுக்கு நகர்ப்புறமாக இருக்கிறது. அங்கே கிராம சபை கிடையாது. அந்த அமைப்பின் அட்டவணையில் மருத்துவமனையும் கிடையாது. பழங்குடிகள் கணிசமாக வாழும் மாவட்டம் என்றாலும், தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதியாக எதுவும் அறிவிக்கப்படாததால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே பொருந்தாது. உள்ளாட்சியிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கும்போது, எந்த உள்ளாட்சி என்ற கேள்வி இங்கே இப்படித்தான் சிக்கலாகிறது.

தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது துறைக்குள்ளான பரவலாக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அதன் பிரதிநிதி இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூன்றாவது இயக்குநரகமான மருத்துவக் கல்வியைச் சேர்ந்தவை. அங்கே தலைமை, முதல்வர் என்று எழுதப்படும் டீன். மூன்று இயக்குநரகங்களும் சென்னையில்தான் கூடுகின்றன. குன்னூரில் ஒரு கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வட்ட மருத்துவமனைக்கும், அங்கிருந்து உதகைக்கும் அனுப்பப்பட்டால், சுமார் இருபது கிலோமீட்டருக்குள் அவர் மூன்று துறைத் தலைமைகளைக் கடந்துவிடுகிறார். இடையில் ஏதேனும் தவறினால், மூவருக்கும் பொதுவான மேலதிகாரி மாவட்டத்தில் ஆட்சியர் ஒருவர்தான். அவரும் துறை வழியாக மேலதிகாரி அல்லர்.

உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, 2025 ஏப்ரலில் அதன் மருத்துவமனை 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. இந்த மலைக்கு இது பெரிய வரம். முன்பு கோவைக்கு எழுதி அனுப்பப்பட்ட பலருக்கு இனி உதகையிலேயே சிகிச்சை கிடைக்கும். நிர்வாகக் கோணத்தில் பார்த்தால், மாவட்டத்தின் மிகப் பெரிய மருத்துவமனை இணை இயக்குநரின் கையிலிருந்து டீனின் கைக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் கோத்தகிரியில் மயக்க மருந்து நிபுணர் விடுப்பில் போனால், தலைமை மருத்துவமனையிலிருந்து ஒருவரை இரண்டு நாளுக்கு அனுப்பி வைக்க இணை இயக்குநரின் ஒரு உத்தரவு போதும். இரண்டு இடங்களும் இரண்டு இயக்குநரகங்கள் என்றாகிவிட்டால் அதே ஏற்பாட்டுக்குக் கடிதப் போக்குவரத்து தேவைப்படும். பெரிய மருத்துவமனை அருகில் வந்தது. அதன்மேல் மாவட்டத்துக்கு இருந்த அதிகாரம் தூரம் போனது. இதை மையப்படுத்தல் என்று யாரும் பெயரிடவில்லை, ஆனால் விளைவு அதுதான்.

பழுதுபார்ப்பு என்ற சிறிய விஷயத்துக்கு வருகிறேன். அன்பரின் கோபம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது, நியாயமான கோபம். மலையில் ஒரு வட்ட மருத்துவமனை, பெயர் வேண்டாம். டிசம்பர் மாதத்தில் பிரசவ வார்டின் வெந்நீர் கொதிகலன் பழுதானது. தலைமை மருத்துவர், பொதுப்பணித் துறையின் மின்பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து உதவிப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரித்தார். அந்த ஆண்டின் பராமரிப்பு ஒதுக்கீடு தீர்ந்திருந்ததால், கூடுதல் நிதிக்கு இணை இயக்குநர் அலுவலகம் வழியாகக் கோப்பு சென்னை சென்றது. சென்னை ஒரு விளக்கம் கேட்டது: முந்தைய பழுதுபார்ப்பு எப்போது நடந்தது, அதற்கான உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா? அந்த விளக்கத்துக்குப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து நகல் அனுப்பியது எங்கள் பிரிவுதான். இதற்கிடையே தாய்மார்களின் உறவினர்கள் எதிரே இருந்த தேநீர்க் கடையில் வெந்நீர் விலைக்கு வாங்கி, பிளாஸ்கில் ஊற்றி எடுத்து வந்தார்கள். உறைபனி விழும் மாதத்தில் பிறந்த குழந்தையின் தாய்க்கு வெந்நீர் இல்லை என்பதன் கடுமை, அந்தக் கோப்பில் கையெழுத்திட்ட எவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்தவர் கையில் பணம் இல்லை. பணம் உள்ளவர் இருக்குமிடத்தில் குளிர் இல்லை. கடைசியில் கொதிகலனைச் சரிசெய்தது சென்னையின் ஒப்புதல் அல்ல. நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கிலிருந்து எடுத்த சிறு தொகைதான்.

அந்தச் சங்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, அதன் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சிறு தொகை போடும் முறையைக் கொண்டுவந்தது. இதன் முன்மாதிரி 1990களின் நடுவில் இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனையில் உருவான நோயாளர் நலக் குழு. தொடக்க கால விதிப்படி, துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு நிபந்தனையற்ற நிதியாக 10,000 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவ்வகையில் 25,000, பராமரிப்புக்கு 50,000, சங்கத்துக்கு ஒரு லட்சம். மாவட்ட மருத்துவமனையின் சங்கத்துக்கு ஐந்து லட்சம். பெரிய தொகைகள் அல்ல. ஆனாலும் என் பணிக்காலத்தில் அரசு மருத்துவமனைகளின் அன்றாட நிர்வாகத்தை மாற்றிய ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். உடைந்த கண்ணாடி ஜன்னலுக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், மழைக்காலத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலுக்கும் தலைமை மருத்துவர் யாரையும் கெஞ்ச வேண்டிய நிலை ஓரளவு போனது.

ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், கையில் கொடுத்த பணத்தைச் செலவழிக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள். மார்ச் மாதத்தில் பயன்பாட்டுச் சான்று கேட்டு மேலிருந்து கடிதம் வரும்போது, பாதிப் பணம் அப்படியே வங்கியில் இருந்ததைப் பல முறை கண்டிருக்கிறேன். காரணம் சோம்பல் அல்ல. மூன்று விலைப்புள்ளி வாங்காமல் ஒரு மோட்டார் பம்பை அவசரத்துக்கு வாங்கிய மருத்துவருக்கு, அவர் ஓய்வு பெறும் ஆண்டில் தணிக்கைத் தடை, அதாவது செலவை ஏற்க மறுக்கும் தணிக்கைக் குறிப்பு, வந்து ஓய்வூதியப் பலன் தாமதமானால், அந்தச் செய்தி மாவட்டம் முழுவதும் பரவும். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எவரும் அவசரப்பட மாட்டார்கள். பந்தலூரில் ஒரு பொருளுக்கு மூன்று கடைகளே இருக்காது என்பது விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆக, பணத்தைக் கீழே இறக்கினால் போதாது. தணிக்கை விதியையும் அந்த ஊரின் கடைவீதிக்கு ஏற்ப இறக்க வேண்டும்.

சங்கத்தின் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அவற்றில் உறுப்பினர்கள். பெரும்பாலும் தீர்மானப் புத்தகம் அவர்கள் வீட்டுக்கே கையெழுத்துக்குப் போய் வரும். எங்கே கூட்டம் உண்மையாக நடந்ததோ, அங்கே ஊராட்சித் தலைவரின் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ராத்திரி டாக்டர் இருக்கிறாரா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் மட்டும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த யாரிடமும் இருந்ததில்லை.

மருந்து விஷயத்தில் என் கருத்து நேர்மாறானது. கொள்முதலை உள்ளாட்சிக்கோ மாவட்டத்துக்கோ கொடுக்கச் சொல்லும் எவரோடும் நான் உடன்பட மாட்டேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து வாங்கத் தொடங்கியது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை வந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டின் அழகு வேறொன்றில் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைக்கப்படும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவமனையே முடிவு செய்து கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூடலூரில் பாம்புக்கடி மருந்தும் நாய்க்கடி ஊசியும் அதிகம் வேண்டும். குந்தாவில் சளி, இளைப்பு மருந்துகள் அதிகம் வேண்டும். இரண்டு தலைமை மருத்துவர்களும் தத்தம் பாஸ்புத்தகத்தில் அதை எழுதிக்கொள்ள முடியும். விலை பேசுவது சென்னையில், தேர்ந்தெடுப்பது மலையில். கேரளம் 2007லும் ராஜஸ்தான் 2011லும் இதே வகையான கழகங்களை அமைத்துக்கொண்டன. உள்ளாட்சிக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்த கேரளமே மருந்துக் கொள்முதலை மாநில அளவில் ஒன்றாக்கியது என்பதை அன்பர் கவனிக்க வேண்டும்.

மருத்துவர்களைப் பற்றிய பகுதிதான் மிகக் கடினம். 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மாநில அளவில் தேர்வு நடத்தி நியமிக்கிறது. இடமாறுதல் கலந்தாய்வும் மாநில அளவில்தான். தேர்வில் இது முறையே. ஒரு நகராட்சி தன் மருத்துவரைத் தானே நியமிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று நம் ஊர் அரசியலை அறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. தவிர, மாநில அளவிலான பணித்தொகுதி இருப்பதால்தான் ஒருவர் சில ஆண்டு மலையில் வேலை செய்துவிட்டுப் பட்டமேற்படிப்புக்குப் போக முடிகிறது. மலைப்பகுதியிலும் எளிதில் சென்றடைய முடியாத இடங்களிலும் பணியாற்றியவர்களுக்கு அச்சேர்க்கையில் முன்னுரிமை தரும் முறை இல்லையென்றால் பல நிலையங்கள் காலியாகவே இருந்திருக்கும்.

கோளாறு நியமனத்துக்குப் பிறகு தொடங்குகிறது. மாற்றுப் பணி என்று ஒரு வழக்கம் உண்டு. பணியிடம் மலையில் நிரப்பப்பட்டிருக்கும்; ஊதியப் பட்டியல் இங்கிருந்தே கருவூலத்துக்குப் போகும்; மருத்துவர் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் மாற்றுப் பணியில் இருப்பார். அறிக்கையில் காலியிடம் இல்லை, அறையில் மருத்துவர் இல்லை. இணை இயக்குநரால் இதை ஆட்சேபிக்க முடியும், தடுக்க முடியாது. உத்தரவு அவருக்கு மேலிருந்து வருகிறது. நான் கேட்கும் பரவலாக்கம் இங்கேதான் தேவை: மலை மாவட்டத்தில் நிரப்பப்பட்ட பணியிடத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்ப மாவட்டத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்ற ஒரு விதி. ஒரு ரூபாய் செலவில்லாத சீர்திருத்தம் இது. எனவேதான் வரவில்லை போலும்.

சிறப்பு மருத்துவர்கள் விஷயத்தில் விதியால் மட்டும் தீர்வு வராது. சீமாங் மையம் என்று அழைக்கப்படும் அவசர மகப்பேறு மையம் இரவு பகலாக இயங்க, மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் முறை வைத்து இருக்க வேண்டும். ஆள் இல்லாதபோது, வெளியிலிருந்து தனியார் நிபுணரை அழைத்து ஒரு அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று கட்டணம் தர விதி இடம் தருகிறது. ஈரோட்டிலோ திண்டுக்கல்லிலோ இது நல்ல ஏற்பாடு. தனியார் நிபுணரே அரிதாக இருக்கும் மலையில், அழைக்கும் அதிகாரம் இருந்து என்ன, அழைக்கத்தான் ஆள் வேண்டும். அதிகாரத்தை எல்லா மாவட்டங்களுக்கும் சமமாகப் பகிர்ந்தால் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு சமமாகிவிடாது.

இனி வயநாடு. கேரளம் 1995இல் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும், சமுதாய சுகாதார மையங்களை வட்டாரப் பஞ்சாயத்துகளுக்கும், மாவட்ட மருத்துவமனைகளை மாவட்டப் பஞ்சாயத்துகளுக்கும் மாற்றியது. மறு ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிக்கு ஒதுக்கியது. சட்டத்தை விட இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமானது என்பேன். பணம் போனதால்தான் பஞ்சாயத்துகள் கட்டடம் கட்டின. பணம் போனதால்தான், 2017இல் வந்த ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப சுகாதார மையங்களுக்குக் கூடுதல் மருத்துவரையும் செவிலியரையும் உள்ளாட்சியே அமர்த்தி மாலை நேரப் புறநோயாளிப் பிரிவை நடத்த முடிந்தது. அன்பர் கண்ட மாலை மருத்துவரின் பின்னணி இதுதான். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வீட்டிலேயே சென்று பார்க்கும் வலிதணிப்புச் சேவையும் பஞ்சாயத்துகளின் நிதியிலேயே பரவியது.

அதே கேரளத்தில் நிரந்தர மருத்துவர்களின் நியமனமும் ஊதியமும் இடமாறுதலும் மாநிலச் சுகாதாரத் துறையிடமே இருக்கின்றன. பஞ்சாயத்துத் தலைவர் மருத்துவமனை மேலாண்மைக் குழுவின் தலைவர். ஆனால் மருத்துவர் தம் மேலதிகாரியாக மாவட்ட மருத்துவ அலுவலரையே கருதுகிறார். மருத்துவர் சங்கங்கள் தொடக்கத்தில் இந்த மாற்றத்தையே எதிர்த்தன. இரண்டு எசமானர்களுக்கு நடுவில் நிற்கும் உரசல் இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. பஞ்சாயத்துகள் கட்டடத்துக்கும் கருவிக்கும் எளிதாகப் பணம் ஒதுக்குகின்றன. நோய்த் தடுப்பு போன்ற, திறப்பு விழா நடத்த முடியாத வேலைகளுக்கு அதே ஆர்வம் வருவதில்லை. வயநாட்டின் வெற்றி உண்மையானது. ஆனால் அது மருத்துவமனையை மொத்தமாகக் கைமாற்றியதால் வந்தது அல்ல.

மொத்தமாகக் கைமாற்றிய நாடு ஒன்று உண்டு: பிலிப்பைன்ஸ். 1991இன் உள்ளாட்சிச் சட்டப்படி, மாகாண மருத்துவமனைகளும் மாவட்ட மருத்துவமனைகளும் மாகாண அரசுகளுக்குப் போயின. கிராமப்புற சுகாதார நிலையங்கள் நகராட்சிகளுக்குப் போயின. மத்தியச் சுகாதாரத் துறையின் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் உள்ளாட்சி ஊழியர்கள் ஆனார்கள். மருத்துவமனையின் செலவு எங்கே இருந்ததோ, பங்கீட்டு நிதி அங்கேயே சரியாகப் போய்ச் சேரவில்லை. வருவாய் உள்ள மாகாணங்கள் மருத்துவமனையை வளர்த்தன; ஏழை மாகாணங்களில் ஊதியமே இழுபறியானது. சுகாதார நிலையம் ஒரு மேயரிடமும், மருத்துவமனை ஓர் ஆளுநரிடமும் இருந்ததால், இருவரும் எதிரெதிர்க் கட்சி என்றால் நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சங்கிலி அறுந்தது. 2019இன் அனைவருக்குமான சுகாதாரச் சட்டம், இப்படிச் சிதறியதை மாகாண அளவில் மறுபடி ஒன்றிணைக்க வழி செய்தது. இதில் நீலகிரிக்குப் பாடம் உண்டு: நெல்லியாளம் நகராட்சியிடம் ஒரு மருத்துவமனை, கூடலூர் நகராட்சியிடம் ஒன்று என்று பிரித்தால், நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுவில் ஓடும் ஆம்புலன்ஸ் யாருடையது?

நோயாளிகள் எல்லைக்கோடு பார்த்து வருவதில்லை என்பது மலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். பந்தலூர், சேரம்பாடி மக்கள் அவசரம் என்றால் உதகைக்கு ஏறுவதை விடச் சுல்தான் பத்தேரிக்கு இறங்குகிறார்கள். குன்னூர், கோத்தகிரி மக்களுக்கு மேட்டுப்பாளையமும் கோவையும். மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கில் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் கோடைக் காலச் சுற்றுலாக் கூட்டம். கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வரைபடம் சொல்லும். நடுவட்டத்தில் மண் சரிந்துவிட்டால் அந்த ஐம்பதுக்குப் பொருளே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது மலைச் சாலைகள் பல இடங்களில் அற்றுப்போயின. அப்படிப்பட்ட நாளில், 108 வாகனத்துக்கான அழைப்பு சென்னையின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். சாதாரண நாளில் அது திறமையான ஏற்பாடு. ஒரே எண், ஒரே தரம், பதிவு எல்லாம் உண்டு. சாலை மூடிய நாளில், எந்தத் தோட்டத்துச் சாலை வழியாக வண்டி சுற்றி வரலாம் என்பது உள்ளூர் வட்டாட்சியருக்கும் வனத்துறைக்கும்தான் தெரியும். மருத்துவக் கழிவும் அப்படித்தான். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மலைப்பாதை மூன்று நாள் மூடினால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் மலையில் இருக்க வேண்டும். நிரந்தரமாக மாற்ற வேண்டியதில்லை; பேரிடர் நாட்களில் மாவட்டத்துக்கு இறங்கி, பிறகு திரும்பிப் போகும் அதிகாரம் போதும்.

பணம் தானாகவே கீழே வந்து சேரும் இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை அளித்தால், காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வரும். ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை, மற்றது மருத்துவமனை வளர்ச்சிக்கு. இது நல்ல பரவலாக்கம் போலத் தோன்றும். ஆனால் பெரிய அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்துக்கே பெரிய தொகை வரும். முதலுதவி செய்து, நிலைப்படுத்தி, மேலே அனுப்பிவைக்கும் சிறிய மலை மருத்துவமனைக்கு அந்த உழைப்புக்கு வருமானம் இல்லை. இருப்பவருக்கு மேலும் சேரும் இந்த வழியை, சிறிய மருத்துவமனைகளுக்கு ஓர் ஈட்டு ஒதுக்கீடு இல்லாமல் விட்டுவிடக் கூடாது.

பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, 70,051 கோடி ரூபாயைச் சுகாதாரத்துக்கென்றே உள்ளாட்சிகள் வழியாகத் தரப் பரிந்துரைத்தது. காகிதத்தில் இது வரலாற்று நிகழ்வு. நடைமுறையில் எதற்குச் செலவிட வேண்டும் என்ற தலைப்புகள் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தன: கட்டடமில்லாத துணை நிலையங்கள், வட்டாரப் பொதுச் சுகாதார அலகுகள், ஆய்வக வசதி என்று. உள்ளாட்சியின் பங்கு பணம் கடந்து போகும் வாய்க்காலாக இருப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

வேறொரு தடையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஒப்படைக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது; அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்ல. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி வரை தள்ளிப்போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் காலத்தில் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களில் மக்கள் பிரதிநிதிகளின் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. மருத்துவமனையின் நிர்வாகத்தை அப்படிப்பட்ட நாற்காலியிடம் ஒப்படைக்க முடியாது.

அரசுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு கூடலூரிலேயே இருக்கிறது. 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகிய மக்களிடமிருந்தே செவிலியர்களையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களையும் பயிற்றி வளர்த்தது. இப்பகுதிப் பழங்குடிகளிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கு முறையான தொடர் சிகிச்சை அளித்தது. அரசு மருத்துவமனையை அதுபோல ஆக்க முடியாது. அளவும் கடமையும் வேறு. ஆனால் ஒன்றைக் கடன் வாங்கலாம்: நோயாளியின் மொழி தெரிந்த ஒருவரைப் புறநோயாளிச் சீட்டு கொடுக்குமிடத்தில் உட்கார வைக்கும் முடிவு. அந்த ஒரு பணியிடத்தை உருவாக்கும் அதிகாரம் இன்று எந்தத் தலைமை மருத்துவருக்கும் இல்லை.

ஆகவே அன்பரும் அவர் ஊர் மக்களும் கோரிக்கை வைப்பதானால், ஒப்படையுங்கள் என்ற பெரிய கோரிக்கையை விட்டுவிட்டுச் சில திட்டவட்டமான கோரிக்கைகளை வைக்கச் சொல்வேன். கட்டடம், தண்ணீர், மின்சாரம், வெந்நீர் ஆகியவற்றுக்கான ஆண்டு ஒதுக்கீடு முழுவதும் ஏப்ரல் மாதமே மருத்துவமனைக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். மலைக்குப் பொருந்தும் தனிக் கொள்முதல் விதி வேண்டும். மாற்றுப் பணிக்கு மாவட்டத்தின் சம்மதம் வேண்டும். மூன்று இயக்குநரகங்களின் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து, நிபுணர்களை இடம் மாற்றி அனுப்பும் அதிகாரம் உள்ள ஒரே மாவட்டக் குழு வேண்டும். நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களுக்கும் நோயாளர் நலச் சங்கத்தில் இடம் உறுதியாக வேண்டும். மாலை நேர மருத்துவரை உள்ளாட்சி நிதியில் ஒப்பந்த முறையில் அமர்த்தும் அனுமதியும், அதற்கான நிதியும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்பதற்கு முன் ஒரு சிறிய வேலை இருக்கிறது. உங்கள் மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்குக் கடந்த நிதியாண்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்ற மூன்று விவரங்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்குங்கள். கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையிலும் கேட்கலாம். பணம் செலவாகாமல் கிடந்தால் கோரிக்கையைத் தணிக்கை விதியிலிருந்து தொடங்குங்கள்; பணமே வரவில்லை என்றால் ஒதுக்கீட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போக வேண்டிய மனுக்கள்.